காசுக்கும் ஓர் ஊர் உண்டு

தமிழ்ச் சங்க மேடை எதுவாயினும் அங்கு யவனர் வந்திறங்காமல் விழா நிறைவெய்துவதில்லை. குத்துவிளக்கு ஏற்றப்பெறும், தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்பெறும், சிறப்புரை தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் முசிறித் துறையில் மரக்கலம் ஒன்று நங்கூரம் பாய்ச்சும். யவனர் பொன்னைக் குவிப்பர். மிளகை மூட்டை மூட்டையாக அள்ளிச் செல்வர். அவையோர் கையொலி எழுப்புவர். இதில் பொய் ஏதுமில்லை. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு இச்செய்தியைத் தெளிவாகவே சொல்கிறது. இந்தியப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் நாட்டை விட்டுப் போகிறதே என்று உரோம அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் வயிறெரிந்து எழுதியதும் உண்மையே. ஆயின், கையொலி அடங்கிய பின்னரும் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அவ்வளவு பொன் வந்ததே, அஃது இப்போது எங்கே?

விடை இனிமையானதன்று. பெரும்பகுதி தட்டார் உலையில் உருகிற்று. ஒரு பகுதி கடல் கடந்தது. எஞ்சிய சிறு பகுதி அருங்காட்சியகங்களின் இரும்புப் பெட்டிகளுக்குள் உறங்குகிறது. இவ்வாறு வீட்டுப் பொன்னைத் தொலைத்துவிட்ட நாம், இன்று அயலூர்ச் சந்தையில் கிரேக்கப் பொற்காசுகளை விலைக்கு வாங்கி மெத்தை விரித்த பேழையில் வைத்துப் பெருமை பேசத் தொடங்கியிருக்கிறோம். இப்பழக்கத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பழங்காசு சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. ஊர்ப்பெயர் அறியாத பழங்காசைச் சேர்ப்பதையே எதிர்க்கிறேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

அண்மையில் நம் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு புதுமனை புகுவிழா. வரவேற்பறையின் நடுவே கண்ணாடிப் பேழை. அதனுள்ளே சிறு விளக்கின் ஒளியில் ஒரு பொற்காசு. ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி. மறுபுறம் சிறகு விரித்து, கையில் மலர்வளையம் ஏந்தி நிற்கும் வெற்றித் திருமகள். அலெக்சாந்தர் காலத்து ஸ்டேட்டர் என்றார்கள். அழகிய காசுதான், ஐயமில்லை. “இஃது எந்த ஊரில் கிடைத்தது?” என்று கேட்டேன். “வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தது” என்று விடை வந்தது. ஏலம் ஓர் ஊரா? மீண்டும் கேட்டேன். “சான்றிதழ் இருக்கிறது, சார்” என்றார்கள். சான்றிதழில் எடை இருந்தது, பொன்னின் தரம் இருந்தது, விலையும் இருந்தது. ஊர் மட்டும் இல்லை.

இதில் வியப்பு என்னவெனில், இக்கேள்வியைக் கேட்பதில் நம்மை விஞ்சியவர் உலகிலேயே இல்லை என்பதுதான். 1967-இல் தோன்றிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அறிவியலாளர் ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயர் தாங்கிய குடியிருப்பு இது. வேலையின் பொருட்டு நாம் எங்கெங்கிருந்தோ வந்து இங்கே குடியேறினோம். குசாயிகுடாச் சந்தையில் காய்கறி வாங்கும்போது பக்கத்தில் தமிழ்க் குரல் கேட்டால் போதும்; பெயரைக் கேட்பதற்கு முன் “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்போம். கும்பகோணம் என்றால் அதோடு விடுவோமா? கும்பகோணத்தில் எந்தத் தெரு என்று கேட்போம். அத்தெருவில் இன்னார் வீடு தெரியுமா என்று கேட்போம். ஊரைச் சொல்லாத மனிதரை முழுமனத்தோடு நம்பவும் மாட்டோம். மனிதரிடம் கேட்கும் இக்கேள்வியைக் காசிடம் கேட்க மறந்தது எங்ஙனம்?

அதிலும் கிரேக்கக் காசிடம் கேட்க மறப்பது பெரும் விந்தை. ஏனெனில் கிரேக்கர் தம் காசில் முதலில் பொறித்ததே ஊரைத்தான். ரோட்ஸ் தீவின் காசில் ரோசா மலர் இருக்கும். அத்தீவின் பெயரும் அம்மலரின் பெயரும் அவர்கள் மொழியில் ஒலியால் ஒன்று. போக்கேயா நகரின் காசில் கடல்நாய். அவ்விலங்கின் பெயர் ‘போகே’. சிசிலித் தீவின் செலினஸ் நகரத்தார் தம் ஊர்ப்பெயரை ஒத்த ‘செலினான்’ என்னும் கீரையின் இலையைப் பொறித்தனர். நம் புலவர் சிலேடையால் செய்ததை அவர்கள் உளியால் செய்திருக்கின்றனர். எபேசஸ் நகருக்குத் தேனீ, ஏதென்சுக்கு ஆந்தை. எழுத்தறியாதவனும் கடைவீதியில் காசைத் திருப்பிப் பார்த்து, இஃது இன்ன ஊருடையது என்று சொல்லிவிடலாம். பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி என்று நாம் குழந்தைப் பருவத்திலேயே கற்றோமே, அதே முறைதான்.

மனித முகம் காசில் ஏறியது பின்னர். லிதிய நாட்டு மன்னன் குரோசஸின் பொன்னில் சிங்கமும் காளையுமே எதிரெதிரே நிற்கின்றன. அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பு தம் பொன்னில் அப்பல்லோ தேவனின் தலையையும், ஒலிம்பியா விளையாட்டில் தமக்குக் கிடைத்த வெற்றியை நினைவூட்டும் இரட்டைக் குதிரைத் தேரையும் பொறித்தார். அலெக்சாந்தரின் பொன்னிலோ, மேலே சொன்னவாறு, தெய்வ வடிவங்களே. அவர் மறைந்த பின்னரே அவருடைய தளபதிகள் அவர் முகத்தைக் காசில் ஏற்றினர். லிசிமாக்கஸ் அவருக்கு ஆட்டுக்கடாவின் கொம்பை வைத்துத் தெய்வமாக்கினார். எகிப்தைக் கைக்கொண்ட தாலமி ஒரு படி மேலே சென்று, பொற்காசின் ஒருபுறம் தம் முகத்தையே பொறித்துக்கொண்டார். மறுபுறம் நான்கு யானைகள் பூட்டிய தேரில் அலெக்சாந்தரை ஏற்றி அனுப்பினார். அந்த யானைகள் எங்கிருந்து அவர் கற்பனைக்குள் வந்தன என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வாறு ஊரின் அடையாளமாக இருந்த காசு அரசனின் அடையாளமாயிற்று. உரோமர் இதனைக் கற்றுக்கொண்டனர். அகஸ்டஸ் முகம், டைபீரியஸ் முகம், நீரோ முகம் என்று முகங்களாகவே அச்சடித்துத் தள்ளினர்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்துவிட்டு மேலே செல்ல வேண்டும். ‘யவனர்’ என்னும் சொல் அயோனியக் கிரேக்கரைக் குறித்துப் பிறந்தது. ஆகவே யவனர் தந்த பொன் கிரேக்கப் பொன் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கப்பலில் வந்த வணிகர் பலர் கிரேக்க மொழி பேசியவர்தாம். வியன்னாவில் பாதுகாக்கப்படும், முசிறி வணிகம் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஆவணம் கிரேக்க மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் அவர்கள் கொண்டுவந்த காசு உரோமக் காசு. தமிழகத்து மண்ணில் குடம் குடமாகக் கிடைத்தவை ‘ஆரியஸ்’ எனப்படும் உரோமப் பொற்காசுகளும் ‘தினாரியஸ்’ எனப்படும் வெள்ளிக் காசுகளுமே. அகஸ்டஸ் காலத்து ஆரியஸ் ஒன்று எட்டுக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதாவது நம் வீட்டுப் பெண்கள் கணக்கிடும் ஒரு பவுன். இரண்டாயிரம் ஆண்டாயினும் நம் நிறை மாறவில்லை பாருங்கள்! கிரேக்க நகரங்களின் சிறு காசுகள் சில கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்துள்ளன. அவற்றைப் பின்னர்ப் பேசுவோம். எவரேனும் “மதுரைப் பக்கம் கிடைத்த அலெக்சாந்தர் தங்கம்” என்று கொண்டுவந்து நீட்டினால், காசைத் தொடுமுன் ஐயத்தைத் தொடுக.

இனி நம் வீட்டுப் பொன்னுக்கு வருவோம். 1898-ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சமத்தானத்தைச் சேர்ந்த கறுக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. 501 உரோமப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் முகங்கள். அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது காசுகளில் பேரரசனின் முகத்தின் மீது ஆழமான வெட்டு ஒன்று விழுந்திருந்தது. கைதவறிப் பட்ட கீறலன்று; வேண்டுமென்றே, ஒவ்வொரு காசாக எடுத்து, தலை இருக்கும் பக்கத்தைத் திருப்பி வைத்து, கூரிய கருவியால் வெட்டியிருக்கின்றனர். பேரரசனின் கன்னம் பிளந்திருக்கிறது.

ஏன் வெட்டினர்? காசு வழக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று காட்டவே தேய்ந்த காசுகளை வெட்டினர் என்பது, அப்புதையலை அந்த ஆண்டே ஆராய்ந்து இலண்டன் நாணயவியல் இதழில் எழுதிய ஜார்ஜ் ஹில் என்பாரின் கருத்து. உள்ளே செம்பு வைத்து மேலே பொன்முலாம் பூசிய போலியோ என்று சோதிக்க வெட்டினர் என்பார் சிலர். அயலான் அரச முத்திரை இம்மண்ணில் செல்லாது, பொன் மட்டுமே செல்லும் என்று அறிவிக்க வெட்டினர் என்பார் வேறு சிலர். வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு மூன்றாவது கருத்தில் சாய்வு உண்டு. சோதிக்க வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, முகத்தை ஏன் பிளக்க வேண்டும்? எனினும் சாய்வு வேறு, முடிபு வேறு.

நாம் இன்று குடியிருக்கும் இத்தக்காணத்திலும் இதே கதைதான். நல்கொண்டா மாவட்டத்து அக்கன்பள்ளியில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட உரோம வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். அவற்றிலும் வெட்டுகள், உள்ளூர் முத்திரைக் குத்துகள். ஐதராபாத் அரசு அருங்காட்சியக வரிசையில் பரமேசுவரி லால் குப்தா 1965-இல் வெளியிட்ட நூல் அவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. வடக்கே நாசிக் அருகில் ஜோகல்தெம்பியில் 1906-இல் கிடைத்த புதையல் இதனினும் பெரிது. 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். சகர் மரபினனான நகபானன் தன் முகத்தைப் பொறித்து, சுற்றிலும் கிரேக்க எழுத்தில் தன் பெயரை எழுதி வெளியிட்டவை அவை. அவனை வென்ற சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி அக்காசுகளை உருக்கவில்லை. மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டவற்றை எடுத்து, நகபானன் முகத்தின் மேலேயே தன் சின்னங்களை அடித்துத் திருப்பி விட்டான். ஒரு காசில் இரண்டு ஆட்சிகள், ஒன்றன் மேல் ஒன்று! போர்க்களப் பரணி பாட வேண்டியதை ஒரு முத்திரை அடியில் முடித்திருக்கிறான்.

இச்செய்திகளை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். புதையல் ஒன்றாகக் கிடைத்தது, ஒன்றாகவே எண்ணப்பட்டது, இன்ன ஊரில் கிடைத்தது என்று எழுதி வைக்கப்பட்டது. அதனால்தான் வெட்டு என்பது ஒரு காசுக்கு நேர்ந்த விபத்தன்று, ஒரு நாட்டின் வழக்கம் என்று தெரிந்தது. கறுக்காக்குறிச்சிக் காசுகள் தனித்தனியே ஐந்நூற்றொரு சந்தைகளுக்குச் சிதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொன்றும் ‘சேதமுற்ற காசு’ என்று பெயர் பெற்றிருக்கும். இன்றும் அவ்வாறுதான் நடக்கிறது. ஏலச் சந்தையில் வெட்டுப்பட்ட காசுக்கு விலை குறைவு. முகம் முழுமையாக இருந்தால் உயர்வு, பிளந்திருந்தால் தாழ்வு. அப்பொன்னில் பேரரசனின் பெயரை எழுதியவன் உரோமன். உருவத்தைச் செதுக்கியவனும் உரோமன். நம் நாட்டார் அதன்மேல் எழுதிய ஒரே எழுத்து அந்த வெட்டுத்தான். அந்த எழுத்துக்குத்தான் சந்தை விலையைக் குறைக்கிறது. அந்தச் சந்தையின் தராசைத்தான் நாமும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறோம்.

புதுக்கோட்டைக் காசுகளின் பெரும்பகுதி இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. அதற்காக நான் வருந்துகிறேன். எனினும் அவை ஊரை இழந்தனவேயன்றி ஊர்ப்பெயரை இழக்கவில்லை. நம் கையிலேயே இருந்து நாமே அழித்தவற்றின் கதையோ இதனினும் கொடிது. 1847-இல் கண்ணூருக்கு அருகே கோட்டயம் என்னும் ஊரில் பொற்காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு என்று அக்காலத்தார் எழுதினர். கூலியாள் சுமையால் எண்ண வேண்டிய பொற்காசுகளுள் இன்று கணக்குக்கு அகப்படுபவை மிகச் சில. மற்றவை வளையலாயின, ஒட்டியாணமாயின, அடகுக் கடைக்குப் போயின. அவற்றுள் எத்தனை முகங்கள் வெட்டுப்பட்டிருந்தன? உலை அறியும், நாம் அறியோம்.

இதில் தட்டாரை மட்டும் குறை கூறுதல் அறமன்று. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். மண்ணில் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது, நன்று. உரியவர் இல்லாத அப்பொருளை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன தரவேண்டும்? அப்பொருளின் உலோக மதிப்பும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். அதாவது சங்ககாலத்துப் பொற்காசுக்கும் நேற்று வார்த்த பொற்கட்டிக்கும் இடையே சட்டம் காணும் வேறுபாடு நூற்றுக்கு இருபது! ஏர் உழுதவன் குடத்தைக் கண்டான். ஆட்சியரிடம் போனால் விசாரணை, அலைச்சல், ஆண்டுக்கணக்கான காத்திருப்பு. அடுத்த தெருத் தட்டாரிடம் போனால் அன்றே பணம். அவன் எங்கே போவான்? வெள்ளைக்காரன் எழுதிய விதியை விடுதலை பெற்ற பின்னும் நாம் கட்டிக் காத்து வருகிறோம். யவனப் பொன் என்று மேடையில் முழங்கும் பெருமக்களுள் எத்தனை பேர் இவ்விதியை மாற்றுக என்று ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றினர்?

“அப்படியானால் தனியார் சேர்ப்பதே நல்லதன்றோ? உலையிலிருந்து காப்பாற்றுவது நாங்கள்தாமே?” என்று காசு சேர்க்கும் அன்பர் கேட்பர். இது வலுவான வாதம். இதை எளிதில் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. ‘தினமலர்’ ஆசிரியராக இருந்து 2021-இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களை எண்ணிப் பாருங்கள். கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வெளிவந்த காசுகளை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். பெருவழுதி என்னும் பாண்டியன் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த செப்புக் காசை உலகறியச் செய்தவர் அவர். தலைக்கு மேல் ‘மாக்கோதை’ என்று எழுதிய சேரனின் வெள்ளிக் காசையும் அவரே ஆராய்ந்து வெளியிட்டார். உரோமப் பேரரசனின் முகம் பார்த்துப் பழகிய கண், தன் அரசனின் முகத்தையும் அவ்வாறே காசில் காண விரும்பியதற்கு மாக்கோதைக் காசு சான்று. கரூரில் கிடைத்த கிரேக்க நகரங்களின் காசுகளையும் விடாமல் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் தனிநூலாக்கினார். இவர் சேர்த்திராவிடில் இவற்றுள் பல செம்பு விலைக்கும் வெள்ளி விலைக்கும் போயிருக்கும்.

ஆகவே காசு சேர்ப்போர் அனைவரும் கள்வர் என்று சொல்பவனல்லன் நான். ஆயின் கிருஷ்ணமூர்த்தி செய்தது என்ன? வாங்கினார்; எடை பார்த்தார்; படம் எடுத்தார்; ஊரை விசாரித்து எழுதினார்; ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்களோடு கலந்து படித்தார்; அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்தார். அவர் பேழையில் பூட்டவில்லை, நூலில் திறந்து வைத்தார். நம் புதுமனைப் பேழைக்காரர் இவருடைய பெயரைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள உரிமையற்றவர். மேலும் ஒன்று. இவ்வளவு அரும்பாடு பட்டும் மாக்கோதைக் காசின் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிபு இல்லை. காரணம், அது முறையான அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்ததன்று. ஆற்று மணலைச் சலித்தவர் கைவழியே வந்தது. எந்த அடுக்கில், எந்தப் பானையோட்டின் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்திருந்தால் ஒரு சேரனின் காலமே நிலைபெற்றிருக்கும். ஊர் தெரிந்த காசுக்கே இந்த நிலை. ஊரும் தெரியாத காசின் கதி யாது?

இன்னொரு வாதமும் கேட்கிறேன்: “எங்கள் உழைப்பின் பணம், சட்டப்படி வாங்குகிறோம், உமக்கு என்ன?” சட்டப்படியா என்பதற்குத்தானே ஊரைக் கேட்கிறேன்! பழம்பொருள்களை நம் நாட்டிலிருந்து தனியார் வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பிற நாடுகள் பலவற்றிலும் இத்தகைய தடைகள் உண்டு. ஊர்ப்பெயர் இல்லாத காசு எந்த மண்ணிலிருந்து, எவர் தோண்டி, எந்த எல்லையைக் கடந்து வந்தது என்று வாங்குபவர் எவ்வாறு அறிவார்? பிறந்த ஊரை மறைப்பவனுக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை. சேமிப்புக்காகப் பொன் வாங்க வேண்டுமா? தாராளமாகக் கடையில் பவுன் வாங்குங்கள். அதற்கு அதீனா தேவியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுள் பலர் நாள்தோறும் கொண்டாப்பூருக்குப் பேருந்து ஏறுகின்றனர். அங்கே கணிப்பொறி நிறுவனங்கள் இருக்கின்றன. சங்காரெட்டி மாவட்டத்தில் இன்னொரு கொண்டாப்பூர் இருக்கிறது என்று அவர்களுக்கு நாம் சொன்னதுண்டா? அங்கே 1940-களின் தொடக்கத்தில் அன்றைய ஐதராபாத் அரசின் தொல்லியல் துறை ஒரு சாதவாகன நகரத்தையே அகழ்ந்தெடுத்தது. அகஸ்டஸ் பொற்காசு அங்கே கிடைத்தது. அதனினும் என் மனத்தைக் கவர்ந்தவை அங்கே கிடைத்த சுடுமண் வில்லைகள். உரோமக் காசின் முகத்தைக் களிமண்ணில் ஒற்றி, கழுத்தில் அணியும் பதக்கமாக்கியிருக்கின்றனர். பொற்காசு மாலை பூண வசதியற்ற எளியவள் ஒருத்தி டைபீரியஸ் மன்னனை மண்ணாலேயே அணிந்து திருவிழாவுக்குப் போயிருக்கிறாள்! அவனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அந்த மண் வில்லைக்குச் சந்தையில் விலை சொல்வாரும் அரியர். எனக்கோ அலெக்சாந்தர் ஸ்டேட்டர் நூறினும் அந்த ஒன்றே பெரிது. அது கிடைத்த ஊர் தெரியும், அணிந்தவள் எத்தகையவள் என்பதும் ஒருவாறு தெரியும்.

சாதவாகனரின் முகம் பொறித்த வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் பிராகிருதமும் மறுபுறம் ஒரு திராவிட மொழியும் எழுதப்பட்டிருக்கின்றன. அது தமிழே என்பார் உண்டு. தெலுங்கின் மூத்த வடிவம் என்பாரும் உண்டு. தெலுங்கு மண்ணில் பிள்ளை பெற்று வளர்க்கும் நமக்கு இதைவிட நெருங்கிய காசு எது? இதனைக் காண ஏலத்துக்கு எழுதிப் போட வேண்டியதில்லை. நாம்பள்ளிப் பொதுத்தோட்டத்து அரசு அருங்காட்சியகம் நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தொலைவு. தொல்காசுகளின் பெருந்தொகுதி அங்கே இருக்கிறது. ஆண்டு விழாவுக்குத் திரைப்படப் பாடகரை அழைக்கும் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். நம் பிள்ளைகள் அனைவரையும் அழைத்துச் சென்று, விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு அரைநாள் விளக்கச் செய்யலாம்.

செயற்குழுவுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் வீடுகளில் பூசையறைச் செப்பிலும், பாட்டியின் சுருக்குப் பையிலும், அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் பழங்காசுகள் கிடக்கின்றன. கிரேக்கப் பொன்னாக இருக்க வேண்டியதில்லை. கம்பெனிக் காசாக இருக்கலாம், வராகனாக இருக்கலாம், தேய்ந்து உருத்தெரியாத செம்பாகவும் இருக்கலாம். அவற்றை வைத்திருக்கும் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எடை என்ன, இருபுறமும் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதி வாங்க வேண்டும். துலக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட வேண்டும். அடுத்த மலரில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும்.

முதற்பதிவை நானே தருகிறேன். அம்மன் காசு, ஒன்று. செம்பு. ஒருபுறம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கிறது. புதுக்கோட்டைச் சமத்தானத்தில் நவராத்திரியின்போது அரிசியோடு வழங்கப்பட்டது. என் தாயின் தாய் வரிசையில் நின்று வாங்கி, முந்தானையில் முடிந்து வந்தது. ஆண்டு அவருக்கே நினைவில்லை.